நெல்லறைக்குள் பிடித்த குரல்

1956-ஆம் வருஷம் அது. எங்கள் தாலுக்காக்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கடைசி மாதங்கள். மாசி மாதத்துக் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, களத்தில் வைக்கோல் போர் ஏறிக்கொண்டிருந்த நேரம். தோவாளைப் பக்கம் ஒரு கிராமத்தில், என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நடந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். இன்னதுக்குத்தான் பயம் என்று இல்லை, எல்லாவற்றுக்கும் பயம். அப்பா தவறியதும் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாகர்கோவிலில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒரு ஆம்பிளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு கிராமபோன் பெட்டியும் வாங்கிக்கொண்டு தொழில் நடத்தினேன். அம்மன் கோயில் கொடை, கல்யாணம், அந்த நாளில் ஊருக்கு ஊர் நடந்த தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் கூட்டங்கள், எல்லாவற்றுக்கும் போவேன். மேடையில் பேசுகிறவர்கள் யாருக்கும் பயப்படாமல் முழங்குவார்கள். நான் மேடைக்கு அடியில் உட்கார்ந்து, மழை வருமா, வால்வு போய்விடுமா, பனையில் கட்டிய குழாய் யார் தலையிலாவது விழுமா என்று நகம் கடித்துக்கொண்டிருப்பேன்.

அக்கா எனக்கு நேர் எதிர். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் பாடச் சொன்னால் எழுந்து நின்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பாடுவாள். கல்யாணம் ஆனதும் பாட்டு நின்றது. அவளுடைய மாமனார், நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன், கண்டிப்பானவர். குடும்பத்துப் பெண் குரல் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவர் கட்சி. பெண் குழந்தை பிறந்த பிறகு தொட்டில் பாட்டுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதையும் அக்கா சும்மா விடவில்லை. தானாகவே ஒரு தாலாட்டைக் கட்டி, நாளுக்கு நாள் அதை நீட்டிக்கொண்டே போனாள். குழந்தைக்கு மூன்று வயது ஆகியும் தொட்டிலை அவிழ்க்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் குழந்தை இல்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்த வருஷம் அக்காவுக்குக் கழுத்தின் முன்பக்கம் கழலை பெரிதாகி, படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு நானும் அத்தானும் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனிதர், ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். கழலையை எடுத்தே ஆக வேண்டும், உயிருக்குப் பயம் வேண்டாம் என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, குரலுக்குப் போகும் நரம்பு அந்தக் கழலையை ஒட்டித்தான் ஓடுகிறது, பார்த்துத்தான் செய்வோம், ஆனால் குரல் இதே மாதிரி இருக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன் என்றார். அத்தான் உயிரைப் பற்றி இன்னொரு முறை கேட்டார். அக்கா குரலைப் பற்றி இன்னொரு முறை கேட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, "மக்கா, உங்கிட்ட ஒரு பெட்டி இருக்குன்னு சொன்னியே, பேசுனா பிடிச்சு வச்சு திரும்பப் பேசுமே, அது இன்னும் இருக்கா?" என்றாள்.

இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் தன் மகள் கல்யாணத்து நாதசுரத்தைப் பிடித்து வைப்பதற்காகக் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் அது. பெரிய டிரங்குப் பெட்டி கனம் இருக்கும். மேலே நாடா சுற்றிய இரண்டு வட்டு, நடுவில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கண் ஒன்று மின்னும். கல்யாணத்துக்கு மைக் செட் நான் என்பதால் அதையும் என்னிடமே தந்திருந்தார். திருவனந்தபுரம் போய் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, பழகிக்கொள்ள ஒரு புது வட்டையும் தந்துவிட்டுப் போயிருந்தார். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்தும், தொட்டுப் பார்த்தும், ஒவ்வொரு தடவையும் ஷாக் அடிக்குமோ என்று பயந்தும்தான் கற்றுக்கொண்டேன்.

"இருக்கு. ஆனா மாமா சம்மதிப்பாரா?" என்றேன்.

"உங்கிட்ட பெட்டி இருக்கான்னுதான் கேட்டேன்" என்றாள் அக்கா.

மாமா சம்மதிக்கவில்லை. அத்தான் மெல்லப் பேச்சை எடுத்ததுமே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார். ஆப்பரேஷனுக்கு முன்னால் குரலைப் பிடித்து வைப்பது அபசகுனம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ மைக் செட்டுக்காரன். இன்னைக்கு இவ குரலைப் பெட்டியில அடைப்ப. நாளைக்கு எவன் வீட்டுக் கல்யாணத்துலயாவது பனை மேல ஏத்தி ஊருக்கெல்லாம் போடுவ" என்றார்.  சுற்று வட்டாரக் கொடைகளுக்கு எந்த மைக் செட் என்று சொல்வதே அவர்தான். அவர் வேண்டாம் என்றால் சித்திரையில் என் குழாய் சும்மா கிடக்கும்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  நான் புறப்படும்போது வாசலுக்கு வந்து, "நாளைக்குப் பெட்டியோட வா. மாமா வயலுக்குப் போனதும் வா" என்றாள்.

போனேன். ராத்திரி முழுக்கத் தூங்காமல் போனேன். அந்த வீட்டில் விளக்கு மாட்டும் இடம் தவிர பிளக் கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சொருகும் வயரைக் கொண்டுபோயிருந்தேன். கூடத்தில் அக்காவை உட்கார வைத்து, மைக்கை வாய்க்கு நேராக நிறுத்தி, சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துப் பாடச் சொன்னேன். திரும்பப் போட்டதும் எனக்கு அழுகை வந்தது. தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரி கரகரவென்று வந்தது. 'ப' வரும் இடத்திலெல்லாம் வெடி வெடித்தது.

அக்கா கேட்டுவிட்டு, "இதுக்கு நான் ஆப்பரேஷனே செஞ்சிக்கிடலாம் லே" என்றாள்.

மைக் செட்டுக்காரன் செய்கிற தப்பு அது. எங்கள் தொழிலில் சத்தம் போதாது என்பதுதான் ஒரே பயம். ஊர்க் கடைசி வரை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் மைக்கை வாயில் ஒட்ட வைத்து, குமிழைக் கடைசி வரை திருகுவதுதான் கைக்குப் பழக்கம். பிடித்து வைப்பது நேர் எதிரான வேலை. பச்சைக் கண்ணின் இரண்டு இமையும் பாட்டின் உச்சத்தில் ஒன்றையொன்று தொடப் போக வேண்டும், தொடக்கூடாது. மைக் வாய்க்கு நேரே இருக்கக்கூடாது. ஒரு சாண் தள்ளி, கன்னத்துப் பக்கம் சற்றே மேலே இருக்க வேண்டும். மூச்சு மைக்கைக் கடந்து போகும், குரல் மட்டும் உள்ளே போகும். இப்போது வீட்டில் பாட்டுப் பிடிக்கிறவர்கள் என்னிடம் வந்து எந்த மைக் வாங்கலாம் என்று கேட்பார்கள். இருக்கிற மைக்கைக் கொஞ்சம் தள்ளி வை என்பதுதான் நான் சொல்லும் முதல் பதில்.

தள்ளி வைத்ததும் வேறு தொல்லை வந்தது. வாய்க்கு அருகில் இருந்தபோது தெரியாத கூடத்துச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. சிமெண்டுத் தரை, சுண்ணாம்புச் சுவர். அக்கா ஒரு வரி பாடினால் சுவர் இன்னொரு வரி பாடியது, கிணற்றுக்குள் கூப்பிட்ட மாதிரி. கூட, காக்கை, பசுவின் கழுத்து மணி, களத்தில் போரடிக்கிறவர்களின் பேச்சு, பெட்டியின் மோட்டார் உறுமல். உறுமலை அடக்கப் பெட்டிக்கு அடியில் சாக்கைப் போட்டேன். சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். கிணறு கொஞ்சம் ஆழம் குறைந்தது, அவ்வளவுதான். அதற்குள் மாமா வரும் நேரமாகிவிட்டது. பல்பைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்பினேன். அவசரத்தில் பல்பு விழுந்து உடைந்தது தனிக் கதை.

மறுநாள் நான் போனது பாட்டுப் பிடிக்க இல்லை. புது நெல்லை உள்ளே ஏற்றுகிறார்கள், ஆள் போதவில்லை என்று அத்தான் கூப்பிட்டிருந்தார். அந்த வீட்டில் நெல் போட்டு வைக்க முழுவதும் மரத்தால் செய்த ஒரு அறை உண்டு. அறப்புரை என்போம். தரையும் பலகை, சுவரும் பலகை, ஒரே கதவு. ஒவ்வொரு வீட்டிலும் அறப்புரைக்கு ஒவ்வொரு சட்டம். அந்த வீட்டின் சட்டம், புது நெல் கிடக்கும்போது உள்ளே அளக்கிறவன் குரல் தவிர வேறு குரல் கேட்கக்கூடாது என்பது. கேட்டால் நெல் குறையும் என்பார்கள். முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லித் தொடங்கி, அளந்து முடித்து, மாமா பூட்டைப் போட்டுவிடுவார். பிறகு அவர் குளித்துவிட்டுத் திறந்தால்தான் உண்டு.

நான் நெல் நிறைத்த ஓலைக் கடவத்தைச் சுமந்துகொண்டு உள்ளே போனேன். மூன்று பக்கமும் நெல் மார்பு உயரம் குவிந்திருந்தது. தூசியில் எனக்கு இருமல் வந்தது. சட்டம் ஞாபகம் வந்து வாயைப் பொத்தினேன், ஆனால் இருமல் முந்திவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். அந்த இருமலுக்கு வால் இல்லை. இருமினேன், நின்றது, அவ்வளவுதான். சுவர் திருப்பித் தரவில்லை. வெளியே களத்தில் அத்தனை பேர் கத்துகிறார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. நெல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

வெளியே வந்து அடுக்களை வாசலில் நின்று, பாட்டுப் பிடிக்க அறப்புரையைப் போல இடம் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். சொன்னதும் எனக்கே பயமாகி, "சும்மாத்தான் சொன்னேன். அது நடக்காது" என்றேன்.

அக்கா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நாளைக்குச் சாயந்திரம் பூட்டப் போறாங்க. புதன்கிழமை என்னை ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறாங்க. அப்பம் நாளைக்கு மத்தியானந்தான்" என்றாள்.

"குழந்தைக்கு வேண்டித்தான்னு சொல்லி மாமாகிட்ட இன்னொருக்கா கேட்டுப் பாப்போமா? நீ இல்லாத நேரம் குழந்தை கேட்டுட்டு உறங்குமேன்னு..."

முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "குழந்தைக்கு வேண்டி இல்ல லே. அவ கதை கேட்டாலும் உறங்குவா, கொடுவாளைக் காட்டினாலும் உறங்குவா. எனக்கு வேண்டி. எனக்க குரல் எப்பிடி இருக்கும்னு எனக்கே தெரியாது. அது போறதுக்கு முன்ன நான் ஒருக்கா கேக்கணும்."

நான் கடவத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் மத்தியானம். சாப்பாடு முடிந்து களத்தில் ஆட்கள் வேப்ப மரத்தடியில் படுத்துவிட்டார்கள். மாமா கோயில் கமிட்டிக்குப் போயிருந்தார், சாயந்திரம்தான் வருவார். அத்தான் என்னைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது கேட்டியா. நான் வயலுக்குப் போறேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார். அக்காவின் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பசுவின் கழுத்து மணி மட்டும் அவிழ்ந்து அடுக்களை ஜன்னலில் கிடந்தது. யார் அவிழ்த்தார்கள் என்று நானும் கேட்கவில்லை.

மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு காரியமும் இருந்தது. சாயந்திரம் ஊரில் விளக்கு எரியத் தொடங்கினால் கரண்ட் இறங்கும். பெட்டி தளர்ந்து ஓடும். அப்படிப் பிடித்ததை மறுநாள் நல்ல கரண்டில் போட்டால் கிழவியும் குமரி மாதிரிக் கீச்சிடுவாள்.

பெட்டியை அறப்புரைக்கு வெளியே, கதவுக்கு இரண்டு அடி தள்ளி, மடித்த சாக்கின் மேல் வைத்தேன். மைக் வயரை மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டேன். மைக்கைப் பலகையில் வைத்தால் காலடிச் சத்தம் ஏறும் என்று, உத்தரத்திலிருந்து வாழை நாரில் கட்டித் தொங்கவிட்டேன். கதவைச் சாத்திவிட்டால் அக்கா முகம் எனக்குத் தெரியாது. அதனால் அவள் கட்டை விரலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறு நுனியை நான் வைத்துக்கொண்டேன். இழுத்தால் பாட வேண்டும்.

அக்கா நெல் மேல் அமர்ந்தாள். கையை அசைத்தால் வளையல் குலுங்கியது. எனக்கு அது இடி மாதிரிக் கேட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற சுமங்கலியிடம் வளையலைக் கழற்று என்று எப்படிச் சொல்வது? நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

"வளையலைக் கழத்தணும்னு சொல்ல பேடியா இருக்கு, இல்லியா?" என்றாள். பிறகு ஈரத் துணியைக் கிழித்து இரண்டு கை வளையல்களையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டாள். தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். "இப்பம் நான் மூடிக்கட்டுன மாங்கா ஊறுகா பரணி. போ, கதவை அடை."

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு வரி மட்டும் பிடித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு வட்டை முதலுக்குச் சுற்றி, பெட்டி ஓட ஆரம்பித்து வேகம் பிடிக்கும் வரை பொறுத்து, கயிற்றை இழுத்தேன்.

அக்கா பாடினாள். இத்தனை வருஷம் கேட்ட அதே தாலாட்டுதான். ஆனால் சுவரும் தொட்டில் கம்பும் காக்கையும் இல்லாமல், அவள் மட்டும். இரண்டு வரியின் நடுவில் அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கழலைக்குப் பக்கத்தில் மூச்சு ஒதுங்கிப் போவது கேட்டது.

*ஆறு குளம் தாண்டி வந்த அம்பலத்துத் தும்பியே
ஆட்டுங்கை ஓயுமுன்னே கண்ணடைச்சா என்னடி*

பச்சைக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாடா அறுந்துவிடுமோ, கரண்ட் போய்விடுமோ, பூனை வந்துவிடுமோ என்று ஒவ்வொன்றாகப் பயந்தேன். ஒன்றுக்கு மட்டும் பயப்பட மறந்துவிட்டேன். தலையை நிமிர்த்தியபோது மாமா நின்றிருந்தார். கமிட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது.

"என்னலே இது? அறப்புரை வாசல்ல என்னத்தைக் கட்டி வச்சிருக்க?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். என் கை தானாகச் செய்த காரியம் அது. மேடையில் மைக் ஓடும்போது பக்கத்தில் யார் பேசினாலும் செய்வது. அவருடைய முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் யாரிடம் செய்தேன் என்று விளங்கியது.

"எங்கிட்டயா வாயைப் பொத்தச் சொல்லுக?"

"அக்கா பாடுகா மாமா" என்று காற்றுக் குரலில் சொன்னேன். "முடியப் போவுது. செத்த நேரம் பொறுங்க."

"உள்ளயா? புது நெல்லு கிடக்கதுக்குள்ளயா?" அவர் கதவை நோக்கி அடி வைத்தார். "ஏட்டி, நிறுத்து. வெளிய வா."

வீடே அதிர்கிற சத்தம். ஹெட்போனில் அது நெல்லுக்கு அப்பால் எங்கோ தூரத்தில் கேட்டது. அடுத்த வரிக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அக்காவும் மூச்சைப் பிடித்தாள், அதுவும் கேட்டது. பிறகு அந்த வரியைப் பாடினாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, வேகமாக முடிக்கவும் இல்லை.

நான் நகர்ந்து கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கால் நடுங்கியதால்தான் உட்கார்ந்தேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. "என்னை இழுத்துப் போட்டுட்டுத் திறங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர் வாழ்நாளில் அந்த வீட்டில் ஒருவரும் அவருக்கு முன்னால் கதவை மறித்து உட்கார்ந்ததில்லை. என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். எனக்கு மட்டும் பாட்டுக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. பாட்டு முடிந்து, கடைசி ராகம் அடங்கி, இன்னும் கொஞ்சம் வெறுமையை ஓடவிட்டுத்தான் பெட்டியை நிறுத்தினேன். முடிந்ததும் வெடுக்கென்று நிறுத்தினால் பாட்டின் வால் அறுந்துவிடும். அந்த நேரத்திலும் அதை மறக்கவில்லை.

நான் நகர்ந்ததும் கதவைத் திறந்து அக்கா வந்தாள். தலையெல்லாம் பதர். கையில் கிழிந்த துணிச் சுற்று. வெட்கமும் இல்லை, பயமும் இல்லை.

"இந்த வீட்டு நெல்லுக்கு என்ன கேடு வரப்போவுதுன்னு தெரியுமாட்டி உனக்கு?" என்றார் மாமா.

"நெல்லுக்கு ஒண்ணும் வராது மாமா. வந்தா எனக்குத்தான் வரும். புதன்கிழமை போறேன், கழுத்தைத்தான் அறுக்கப் போறாங்க. அதுக்கு முன்ன ஒருக்கா பாடணும்னு இருந்துது. பாடியாச்சு."

"இவன் இதைக் குழாயில போடுவான்."

"நல்லா இருந்தாப் போடட்டும்."

மாமா என் பக்கம் திரும்பினார். "அதை அழிச்சிரு. இப்பவே. எனக்க கண்ணு முன்னால."

அழிப்பது பெரிய வேலை இல்லை. வட்டைத் திரும்பச் சுற்றி, மைக்கை அடைத்துவிட்டு, பிடிக்கும் பித்தானை அழுத்தி ஓடவிட்டால் போதும். எல்லாம் போய்விடும். என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. நான் வட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி என் வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன்.

"முடியாது மாமா."

"அப்பம் சித்திரைக் கொடைக்கு உனக்க குழாய் இந்தச் சுத்து வட்டாரத்துல ஏறாது. நினைச்சுக்கோ."

"ஏறாண்டாம்."

இதைச் சொன்னது நான்தானா என்று அக்காவே திரும்பிப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, குளத்தங்கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சித்திரையில் சொன்னபடியே செய்தார். என் குழாய் ஏறவில்லை. நான் கடற்கரை ஊர்களில் திருவிழாக்களுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டேன். அங்கே உப்புக் காற்றில் குழாய் துருப்பிடிக்குமே என்று புதிதாக ஒரு கவலை சேர்ந்தது.

அதெல்லாம் பிறகு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் எங்கள் அம்மா வீட்டில் வைத்து அக்காவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடாமல், வட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டு கேட்டாள். நடுவில் மாமாவின் சத்தம் தூரத்தில் வந்தது. அக்கா சிரித்தாள். "பாத்தியா, அவரும் எனக்குப் பின்பாட்டுப் பாடியிருக்காரு" என்றாள். முடிந்ததும் வட்டை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு, "கொள்ளாம். நான் நினைச்சதைவிட நல்லா இருக்கு" என்றாள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூச்சு முட்டல் போயிற்று. குரல் விஷயத்தில் டாக்டர் பயந்ததுதான் நடந்தது. பல வாரம் காற்று மட்டும் வந்தது. பிறகு குரல் வந்தது, ஆனால் வேறு குரல். தடித்து, அடியில் உரசிக்கொண்டு, மேலே போக முடியாமல். டாக்டரே வருத்தப்பட்டார். அவர் வாக்குத் தரவில்லையே, உயிரைத் தந்திருக்கிறாரே என்று அக்கா அவரைத் தேற்றிவிட்டு வந்தாள்.

ஆடி மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். மாமா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் முன்னாலேயே அக்கா கேட்டாள், அந்த உரசும் குரலில்: "அந்த வட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டுன்னு சொன்னியே. மறுபக்கத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா கிடக்கு" என்றேன். ஒரு பக்கத்தைப் பிடிக்கும்போது மறுபக்கமும் கலந்துவிடுமோ என்று பயந்து நான் அதைத் தொடவே இல்லை.

"அதுல இப்பம் உள்ள குரலைப் பிடி."

பெட்டியைத் திரும்ப வாங்கிப் போயிருந்த சிங்கப்பூர்க்காரரிடம் போய், கேட்கலாமா வேண்டாமா என்று அவர் வாசலில் வெகு நேரம் நின்று, கேட்டு வாங்கி வந்தேன். கூடத்தில் ஜமுக்காளத்தை எடுத்துத் தொங்கவிடப் போனேன். அக்கா வேண்டாம் என்றாள். வளையலில் துணி சுற்றட்டுமா என்றதற்கும் வேண்டாம் என்றாள். கதவைச் சாத்தப் போனேன். "திறந்து கிடக்கட்டும். ஒளிச்சு வைக்க இதுல ஒண்ணுமில்ல" என்றாள்.

அதே தாலாட்டைப் பாடினாள். எட்டாத இடத்தில் குரலை இறக்கி, தனக்கு எட்டும் இடத்தில் வைத்து, அதையே சரி என்று சொல்கிற மாதிரிப் பாடினாள். காக்கை கத்தியது. மணி ஆடியது. குழந்தை குறுக்கே ஓடியது. சுவர் திருப்பிப் பாடியது. மாமா எழுந்து போகவில்லை. சம்மதம் என்று சொல்லவும் இல்லை. வெற்றிலைச் செல்லத்தை அவர் மெதுவாக மூடும் சத்தம் அந்தப் பக்கத்தில் பதிந்திருக்கிறது. பாட்டு முடிந்ததும் அக்கா அவரைப் பார்த்து, "இந்த வருசம் நெல்லு குறைஞ்சுதா மாமா?" என்று கேட்டதும் பதிந்திருக்கிறது. பதில் பதியவில்லை. அவர் பதில் சொல்லவில்லை.

தொழில்காரன் என்ற முறையில் யார் கேட்டாலும் முதல் பக்கத்தைத்தான் சுத்தமான பதிவு என்று சொல்வேன். அக்கா, பின்னாளில் நான் வாங்கிக்கொடுத்த பெட்டியில், தன் வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டுவாள், இரண்டாவதைக் கொஞ்சம் சத்தமாகவே. அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் வந்துவிட்டன, எத்தனையோ வீடுகளில் பாட்டுப் பிடித்துவிட்டேன், என் பயம் மட்டும் இம்மியும் குறையவில்லை. ஆனால் உள்ளே ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது வெளியே வந்து யார் அதட்டினாலும், நடுங்கிக்கொண்டேயானாலும், பாட்டு முடியும் வரை கதவிலிருந்து முதுகை எடுக்கமாட்டேன்.